பனி இல்லாத ஊரில் பனிக்காட்டுச் சமையல்

மக்காச்சோள ரொட்டி சுடலாம் என்று கடைக்குப் போய் கார்ன்ஃப்ளார் வாங்கி வந்தால் காரியம் அங்கேயே கெட்டது. அது வெறும் ஸ்டார்ச். சூப்பைக் கெட்டியாக்கப் போடுவது. அதைப் பிசைந்து கல்லில் போட்டால் பசைதான் கிடைக்கும்.

லாரா இங்கால்ஸ் வைல்டர் 1932 முதல் எழுதிய சிறுவர் கதைகளில், 1870, 80களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் காட்டிலும் டகோட்டா புல்வெளியிலும் ஒரு குடியேறிக் குடும்பம் என்ன சாப்பிட்டது என்பது பக்கம் பக்கமாக வரும். சோள ரொட்டி, புளித்த மாவு பிஸ்கட், கடைந்த வெண்ணெய், உப்பிட்ட பன்றி இறைச்சி, சுட்ட அவரைப் பருப்பு, பனிமேல் ஊற்றிய பாகு மிட்டாய். படிக்கும் பிள்ளைகள் "இதைச் செஞ்சு குடு" என்று கேட்பது இயல்பு. செய்யவும் முடியும். ஆனால் அந்தச் சமையலில் எழுதாமல் விட்ட ஒரு சாமான் உண்டு. அது குளிர். வெண்ணெய் திரண்டதும், இறைச்சி கெடாமல் இருந்ததும், புளித்த மாவு அடங்கிக் கிடந்ததும், பாகு இறுகியதும் அந்தக் குளிரால்தான். சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் குளிரின் வேலையை வேறு எதன் தலையில் கட்டுவது என்று பார்த்துவிட்டால் மீதி எல்லாம் நம் சமையல்தான்.

முதலில் சோளம். காய்ந்த மக்காச்சோளத்தை மாவு மில்லில் ரவைப் பதத்துக்கு உடைத்துத் தரச் சொல்லுங்கள். மிளகாய் அரைத்த கையோடு அதே கல்லில் போட்டால் மாவு காரும். கோதுமையோ கேழ்வரகோ ஓடிய பிறகு போடச் சொல்வது நல்லது. மாட்டுத் தீவனத்துக்கு விற்கும் சோளத்தை விலை குறைவென்று வாங்கவே கூடாது. ஈரத்தோடு மூட்டை கட்டிய சோளத்தில் பூஞ்சை பிடித்து அஃப்லடாக்சின் சேர்ந்திருக்கலாம்; எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கறுப்போ பச்சையோ படிந்த மணி கண்ணில் பட்டால் மூட்டையையே தள்ளிவிடுங்கள். ஒரு தடவைக்கு 1 கிலோ அரைத்தால் போதும். முளையோடு சேர்த்து அரைப்பதால் எண்ணெய்ப் பசை இருக்கும், நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று வாரத்திலேயே காறல் வாடை வந்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் கூடுதலாகத் தாங்கும்.

ரொட்டிக்கு 200 கிராம் மாவு, 1 டீஸ்பூன் உப்பு, 1 மேசைக்கரண்டி வெண்ணெய், கொதிக்கும் தண்ணீர் 300 மில்லி. தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும்; இந்த ரொட்டியின் உயிர் அதில்தான். சோளத்தில் கோதுமை மாதிரி இழுபடும் பசை கிடையாது. கொதிநீர் பட்டதும் மாவின் ஸ்டார்ச் பாதி வெந்து பிடிப்புக் கொடுக்கும். கொழுக்கட்டைக்கு அரிசி மாவில் வெந்நீர் விடுகிறோமே, அதே கணக்கு. பச்சைத் தண்ணீர் விட்டுத் தட்டினால் ஓரமெல்லாம் வெடித்து, திருப்பும்போது நான்காக உடையும். கிளறி 15 நிமிடம் மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டில் அரை அங்குல கனத்துக்குத் தட்டிக்கொள்ளுங்கள். கதையில் வரும் அம்மா ரொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தடம் பதிப்பார். அழகுக்கு மட்டும் என்று விட்டுவிட வேண்டாம், நடுப்பகுதி சற்று மெலிந்து சீராக வேகவும் அது உதவும். இரும்புத் தோசைக்கல், மிதமான தீ, பக்கத்துக்கு 6-7 நிமிடம். தீ அதிகமானால் மேலே கருகி உள்ளே மணல் மணலாக இருக்கும்.

அதே மாவில் செய்யும் கஞ்சிக்களி நமக்குப் புதிதே இல்லை. குடியேறிகள் அதைத் துழாவிய விதத்தை வட ஆற்காட்டுக்காரர் யாரும் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்: இது கேழ்வரகுக் களியின் தம்பி. ஒரு வித்தியாசம் உண்டு. கேழ்வரகு மாவை நொய்க்கஞ்சி கொதிக்கும்போது கொட்டி, மூடி, பிறகு துடுப்பால் கிண்டுகிறோம். சோள ரவையை அப்படிக் கொட்டினால் கட்டி தட்டும், கட்டிக்குள் மாவு வேகாது. 1 பங்கு ரவைக்கு 4 பங்கு தண்ணீர். அதில் 1 பங்கைப் பச்சையாக எடுத்து ரவையைக் கரைத்துவைத்து, மீதி 3 பங்கு உப்போடு கொதிக்கும்போது ஊற்றிக் கிண்ட வேண்டும். குறைந்த தீயில் 35-40 நிமிடம். 10 நிமிடத்திலேயே கெட்டியாகிவிடும், ஏமாந்து இறக்கிவிடாதீர்கள். பல்லில் நறநறவென்று கடிபடும்.

மிஞ்சிய களியைத் தட்டில் ஊற்றி மறுநாள் துண்டு போட்டுப் பொரிப்பது அவர்கள் வழக்கம். அவர்களுடைய அடுக்களையில் ராத்திரி தண்ணீரே உறையும். நம் வீட்டில் வெளியே வைத்தால் காலையில் மேலே பிசுபிசுப்பு, உள்ளே நூல். கேழ்வரகுக் களியைத் தண்ணீரில் போட்டுக் கூழாக்குவதைப் போல இது புளித்து ருசியாகாது, கெட்டுத்தான் போகும். இரண்டு மணி நேரம் ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் விரல் கனத்துக்கு வெட்டி வெண்ணெயில் முறுக விடுங்கள். வெல்லப்பாகோடு தின்னலாம். கருவாட்டுக் குழம்போடும் அபாரமாக இருக்கும். டகோட்டாவில் அதற்கு வழியில்லை, அவ்வளவே.

சோளத்தைத் தோல் நீக்கிச் சமைப்பது இன்னொரு வகை. மரச்சாம்பலைக் கொதிக்கவைத்து அந்தக் காரநீரில் சோளத்தை வேகவிடுவார்கள். பழங்குடி அமெரிக்கர்களின் பழைய அறிவு இது. சோளத்தில் உள்ள நியாசின் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வேண்டுமானால் காரநீரில் வேக வேண்டும். இப்படிச் செய்யாமல் சோளத்தையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு பெல்லக்ரா நோய் வந்தது. நம்மிடம் சாம்பலைவிடச் சீரான பொருள் இருக்கிறது: வெற்றிலைச் சுண்ணாம்பு. வாசனையோ நிறமோ சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பாக இருக்கட்டும். 500 கிராம் சோளம், 1½ லிட்டர் தண்ணீர், கரைத்த சுண்ணாம்பு 1 டீஸ்பூன். எவர்சில்வர் பாத்திரம் கட்டாயம். அலுமினியக் குண்டானில் வைத்தால் சுண்ணாம்பு அதை அரித்துச் சோளம் கறுக்கும். 45 நிமிடம் மெதுவாகக் கொதித்ததும் இறக்கி ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் தோல் வழவழவென்று மஞ்சளாகக் கழன்று வரும். கையால் தேய்த்து நான்கைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி, ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள். நாக்கில் சுருக்கென்றால் இன்னும் இரண்டு முறை அலச வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் குக்கரில் 6-7 விசில். பாலும் வெல்லமும் சேர்த்தால் காலை உணவு.

புளித்த மாவுக்கு வருவோம். ஈஸ்ட் கிடைக்காத இடத்தில் ஒரு ஜாடியில் மாவும் தண்ணீரும் கரைத்துப் புளிக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மிச்சம் வைத்து வளர்த்தார்கள். அங்கே கவலை, ஜாடி குளிர்ந்து புளிப்பு நின்றுவிடக் கூடாது என்பது. இங்கே நேர் எதிர். 35 டிகிரிக்கு மேலே புளிப்புப் பாக்டீரியா ஓட்டம் பிடிக்கும், ஈஸ்ட் பின்தங்கும். மாவு உப்புவதற்கு முன்பே பயங்கரமாகப் புளித்து, கோதுமையின் இழுவையும் அறுந்து கஞ்சியாக ஓடும்.

100 கிராம் கோதுமை மாவு, 100 மில்லி தண்ணீர் கரைத்து மூடி வையுங்கள். சித்திரை வைகாசியில் முதல் நாளே பொங்கும். அது நிஜப் பொங்கல் அல்ல. மாவிலிருந்த கண்ட பாக்டீரியாவும் செய்யும் ஆர்ப்பாட்டம். அழுகல் நாற்றம் வரும், பயப்பட வேண்டாம், பயன்படுத்தவும் வேண்டாம். தினம் இரண்டு வேளை, பழையதில் 50 கிராம் மட்டும் வைத்துக்கொண்டு 100 கிராம் மாவும் 100 மில்லி தண்ணீரும் சேர்த்து வாருங்கள். நான்கு ஐந்து நாளில் நாற்றம் போய்த் தயிர் வாசனையும் லேசாகக் கள் வாசனையும் வந்து, தீனி போட்ட சில மணி நேரத்தில் இரு மடங்கு ஏறினால் தயார். ஜாடியை ஈரமணல் நிரப்பிய மண்சட்டியில் புதைத்து மேலே ஈரச்சாக்கு போட்டால் சூடு நன்றாகக் குறையும். பங்குனி, சித்திரையின் வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். ஐப்பசி மழையில் செய்யாது, காற்றிலேயே ஈரம் இருக்கும்போது சாக்கு எப்படிக் காயும்?

பிஸ்கட் என்றால் இங்கே கடை பிஸ்கட் அல்ல, பன் மாதிரி மெத்தென்ற சின்ன ரொட்டி. அதற்கு 1 கப் புளித்த மாவு, 250 கிராம் மாவு, 1 டீஸ்பூன் உப்பு, 50 கிராம் குளிர்ந்த வெண்ணெய், அரை டீஸ்பூன் ஆப்ப சோடா. மில்லில் அரைத்த ஆட்டா மட்டும் போட்டால் தண்ணீரை அதிகம் குடித்துச் சப்பாத்தி போல் கடினமாகும். பாதி மைதா சேர்ப்பதே மேல். வெண்ணெயை மாவில் விரல்நுனியால் உதிர்த்துவிட்டு, சோடாவை ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்துப் புளித்த மாவில் விட வேண்டும். உடனே நுரைத்து எழும். அந்த நிமிடத்திலிருந்து கை சுறுசுறுப்பாக வேண்டும். கால் மணி நேரம் கிடந்தால் காற்று போய்விடும். பிசைந்து அடிக்காமல் சேர்த்துப் பிடித்து, முக்கால் அங்குல கனத்துக்குத் தட்டி டம்ளரால் வெட்டி, ஒன்றையொன்று தொடும்படி அடுக்குங்கள். உள்ளே மஞ்சள் புள்ளியும் சோப்புச் சுவையும் வந்தால் சோடா அதிகம் அல்லது சரியாகக் கரையவில்லை. புளிப்பு தூக்கலாக இருந்தால் அடுத்த முறை சோடாவை ஒரு சிட்டிகை கூட்டுங்கள்.

ஓவன் இருந்தால் 220 டிகிரி, 15 நிமிடம். ஆனால் குடியேறிகள் பயணத்தில் சுட்டது கால் வைத்த இரும்புச் சட்டியில், மூடிமேல் தணல் போட்டு. இதைச் சொல்லித்தர ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு யாரும் தேவையில்லை. பிரியாணிக்குத் தம் போடுவது இதே வித்தைதான். பிரியாணியில் சோறு முன்பே வெந்திருக்கும், ரொட்டியோ பச்சை மாவு; அதனால் மேல் சூடு கூடுதலாக வேண்டும். 10 அங்குல இரும்புச் சட்டி, மூடிக்கு விளிம்புள்ள தோசைக்கல், சீமைக் கருவேலங்கரி. எலுமிச்சை அளவுத் தணல் அடியில் 9, மேலே 18. அடித்தணலை நடுவில் குவிக்காமல் ஓரத்தில் வட்டமாகப் பரப்புங்கள். பெரும்பாலும் அடி கருகுவது நடுவில் குவிப்பதால்தான். சூடு பார்க்க, சட்டிக்குள் ஒரு சின்னத் தட்டில் சிட்டிகை மைதா தூவி மூடுங்கள். மூன்று நிமிடத்தில் இளம்பழுப்பு என்றால் சரி, ஒரே நிமிடத்தில் கறுத்தால் நாலு தணலை எடுத்துவிடுங்கள். நடுவில் ஒரு தடவை சட்டியைக் கால் வட்டம் ஒரு பக்கமும் மூடியைக் கால் வட்டம் எதிர்ப்பக்கமும் திருப்பினால் வேக்காடு சீராக வரும்.

வெண்ணெய். கதைகளில் குளிர்கால வெண்ணெய் வெளிறிப்போவதால் கேரட்டைத் துருவிப் பாலில் காய்ச்சி வடித்து நிறம் ஏற்றுவார்கள். பசும்புல் இல்லாத மாட்டின் பாலில் மஞ்சள் நிறமி குறையும் என்பது காரணம். எருமை வெண்ணெய் எந்தக் காலத்திலும் வெள்ளைதான் என்பதால் இந்த வித்தை நமக்கு வருஷம் முழுக்கப் பயன்படும்: 1 கேரட், 100 மில்லி பால், லேசாகச் சுடவைத்துப் பிழிந்து, ஆறவிட்டு, கடைவதற்கு முன் ஆடையில் சேர்க்க வேண்டும்.

ஆடை 500 மில்லி, 1 மேசைக்கரண்டி தயிர் விட்டு 5-6 மணி நேரம் உறையட்டும். பிறகு ஃப்ரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிரவிட்டு, 15 டிகிரி அளவில் கடைய வேண்டும். 30 டிகிரியில் கடைந்தால் கொழுப்பு திரளாமல் எண்ணெய்ப் பிசுக்காகப் பரவி மத்தில் வழியும். நம் பாட்டிமார் விடியற்காலையில் தயிர் கடைந்ததும், பானைத் தண்ணீரைத் தெளித்ததும் இதற்காகத்தான். மிகக் குளிர்ந்திருந்தாலும் தொல்லை; அரை மணி நேரம் கடைந்தும் நுரையாகவே நிற்கும். அப்போது ஒரு கரண்டி வெதுவெதுப்பான நீர் போதும். கடுகு அளவில் மணி தெரியும், கோதுமை அளவு வந்ததும் நிறுத்துங்கள். மேலும் கடைந்தால் மோர் உள்ளே சிக்கிக்கொள்ளும். மோரை வடித்து, ஐஸ் தண்ணீர் விட்டு மூன்று முறை, கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, மரக்கரண்டியால் அழுத்திப் பிழியுங்கள். உள்ளே தங்கிய மோர்தான் வெண்ணெயை முதலில் கெடுப்பது. 200 கிராம் அளவில் தேறும், அதற்கு 4 கிராம் உப்பு. உப்பிட்டு மரத்தொட்டியில் குளிரில் வைத்தது அவர்கள் வழி. முருங்கை இலை போட்டு நெய்யாக உருக்கியது நம் வழி. வெயில் ஊருக்கு நெய்தான் சரியான விடை. ஆனால் பிஸ்கட்டுக்கு நெய் உதவாது, உதிரிப் பதம் வராது.

உப்பிட்ட பன்றி இறைச்சியைக் கதையில் உள்ளபடி பீப்பாயில் போட்டு வைப்பது இங்கே கூடவே கூடாது. குளிர் தொடங்கும் போதுதான் அங்கே பன்றி அடிப்பார்கள். உப்பு கறியின் நடுவுக்குப் போய்ச் சேரும்வரை குளிர் கறியைக் காத்தது. 30 டிகிரியில் உப்பு போவதற்குள் நடுப்பகுதி அழுகிவிடும். மேலே பார்த்தால் தெரியவும் தெரியாது. செய்தே தீர வேண்டுமானால் 1 கிலோ வயிற்றுக் கறி, 45 கிராம் பொடித்த கல் உப்பு, 20 கிராம் வெல்லம், மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் 7 நாள், தினம் புரட்டி, அதன் பிறகு ஃப்ரீஸர். சமைக்கும் முதல்நாள் இரவு ஃப்ரிட்ஜிலேயே தண்ணீரில் ஊறவைக்காவிட்டால் உப்புக் கரிக்கும்.

என்னைக் கேட்டால் இங்கே குளிரை விட்டு வெயிலைப் பிடிப்பதே புத்திசாலித்தனம். உப்புக்கண்டம் இருக்கிறது. எலும்பில்லாத ஆட்டுக்கறி 1 கிலோ, கொழுப்பைத் துப்புரவாக எடுத்துவிட வேண்டும். கறி காயும், கொழுப்பு காயாது, காறல்தான் அடிக்கும். சுண்டுவிரலைவிட மெல்லிய கீற்றாக அறுத்து 60 கிராம் உப்பு, 10 கிராம் மஞ்சள்தூள் பிசறி, ஒரு இரவு ஃப்ரிட்ஜில் வைத்து, கோணி ஊசியால் நூலில் கோத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் மெல்லிய துணி மூடி வெயிலில் கட்டுங்கள். பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும், ராத்திரி ஈரம் பட்டால் முந்தின நாள் காய்ச்சல் வீண். பங்குனி, சித்திரையில் மூன்று நாலு நாள். வளைத்தால் மடியக் கூடாது, சடக்கென்று ஒடிய வேண்டும். புல்வெளிக்காரர்கள் மான் கறியைக் காயவைத்ததும் இதே கணக்கில்தான்.

அவரைப் பருப்பைப் பன்றிக்கறியோடும் மொலாஸஸோடும் (சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் இருண்ட கரும்புப் பாகு) மணிக்கணக்கில் சுடுவார்கள். காய்ந்த மொச்சையில் அருமையாக வரும். ராஜ்மா போட்டால் ஒன்றைக் கவனியுங்கள்: முதலில் 10 நிமிடம் நன்கு கொதிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிலுள்ள நஞ்சு வாந்தி பேதியில் விடும், வெறும் தணல் சூடு அதற்குப் போதாது. வெல்லத்தைப் பருப்பு நசுங்கும் பதம் வந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்னாலேயே போட்டால் எத்தனை மணி நேரம் ஆனாலும் தோல் இறுகிக் கிடக்கும். உப்புச் சத்துள்ள போர் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும், குடிதண்ணீரில் வேகவையுங்கள்.

1880 அக்டோபரில் தொடங்கிய பனிக்காலத்தில் டகோட்டாவில் ரயில் மாதக்கணக்கில் நின்றது. விதைக்கோதுமையைக் காபி மில்லில் அரைத்து ரொட்டி சுட்டார்கள். அதற்குச் சில ஆண்டு முன்புதான் இங்கே தாது வருஷப் பஞ்சம், 1876-78. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856லேயே ரயில் வந்திருந்தும் அந்தப் பஞ்சத்தில் ஜனங்கள் செத்தார்கள். இந்த ரொட்டியைப் பிள்ளைகளோடு செய்யும்போது அந்தக் கதையையும் சொல்லலாம். ஏந்திரக்கல் இருந்தால் கோதுமையை அதில் இரண்டு முறை அரையுங்கள். மிக்ஸி என்றால் 200 கிராமாக, 30 வினாடி ஓட்டி நிறுத்தி. மாவு சூடேறக் கூடாது. 500 கிராம் மாவு, 350 மில்லி தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் ஊறவிட்ட பிறகே 150 கிராம் புளித்த மாவும் 10 கிராம் உப்பும் சேர்க்க வேண்டும். ஊறாத தவிடு கத்தி மாதிரி மாவின் இழையை அறுத்து ரொட்டியைச் செங்கல்லாக்கும். இரண்டரை மூன்று மணி நேரம் உப்பவிட்டு, தணலை ஒருமுறை மாற்றி 45 நிமிடம். அடியில் தட்டினால் குடம் போலச் சத்தம் வர வேண்டும்.

கடைசியில் பிள்ளைகள் முதலில் கேட்கும் பாகு மிட்டாய். வெல்லம் 250 கிராம், தண்ணீர் 100 மில்லி. கரைத்து வடிகட்டி, அடிகனமான சட்டியில் காய்ச்சுங்கள். வேலூர் மண்டித் தெருவில் கிடைக்கும் பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைவிட இருண்ட உருண்டை வெல்லம் மொலாஸஸ் சுவைக்குப் பக்கத்தில் வரும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும், கடலை மிட்டாய்ப் பதம். பனிக்குப் பதில் ஐஸை நொறுக்கி அதன்மேல் ஊற்றத்தான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் நம் ஐஸ் உருகிக்கொண்டே இருக்கும், பாகு தண்ணீரில் விழுந்து மேலே கரைந்து பிசுபிசுக்கும். குல்ஃபி வண்டிக்காரரின் முறையைப் பிடியுங்கள்: அகலமான தாம்பாளத்தில் நொறுக்கிய ஐஸ் 3 பங்கு, கல் உப்பு 1 பங்கு கலந்தால் பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கும். அதன்மேல் மெல்லிய எவர்சில்வர் தட்டை அழுத்தி வைத்து, தட்டில் வெள்ளையாக உறைபனி பூத்ததும் பாகைக் கரண்டியால் கோடும் வளையமுமாக ஊற்றினால் அரை நிமிடத்தில் இறுகிக் கழன்று வரும். பாகு கையில் பட்டால் தோலோடு வரும், ஊற்றும் வேலை பெரியவர்களுக்கு. பல்லில் ஒட்டினால் பதம் குறைவு, கசந்தால் தாண்டிவிட்டது. அன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டும். மழைநாளில் டப்பாவில் போட்டுவைத்தால் மறுநாள் வளையமெல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாக இருக்கும்.